மகளின் கூர்ப்புப் பாடமும் அப்பப்பாவின் கேள்வியும்

வெள்ளவத்தை அப்பா:

வணக்கம். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் தமிழ் மொழிமூலம் படிக்கிறாள். போன கிழமை டியூஷனில் கூர்ப்புப் பாடம், அதாவது டார்வினின் பாடம், தொடங்கியது. தொடங்கிய ஐந்தாவது நிமிடமே ஆசிரியர் சொன்னாராம்: “பிள்ளைகள், இது புள்ளிக்கு. எழுதிப்போட்டு மறந்திடுங்கோ. நம்பத் தேவையில்லை.”

இரவுச் சாப்பாட்டில் மகள் இதைச் சொன்னாள். என் அப்பாவுக்கு வயது 81. தேவாரம் பாடாமல் காலைத் தேநீரைத் தொடமாட்டார். அவர் சிரித்துவிட்டு, “வாத்தியார் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். குரங்கிலயிருந்து வந்தது அவையின்ர பரம்பரை, எங்கட இல்லை” என்றார். மகள் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிவிட்டாள். மனைவி மெதடிஸ்தக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஒன்றும் சொல்லாமல் சொதிச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு மகள் என்னிடம் வந்து கேட்டாள்: “அப்பா, நீங்கள் கூர்ப்பை நம்புறீங்களா, கடவுள் படைச்சார் எண்டதை நம்புறீங்களா?” நான் ஒரு கணக்காளர். ஃபோன் வந்ததுபோல நடித்துத் தப்பிவிட்டேன். ஞாயிறு வரைக்கும்தான் தப்பலாம். என்ன சொல்வது?

கடைசி வாங்கு:

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பாருங்கள் அண்ணை. மனிதன் இன்னும் கூர்ப்படையவில்லை என்பதற்குக் கையோடு சான்று கிடைக்கும்.

சிவசிவ:

உங்கள் தகப்பனார் கவலைப்படத் தேவையில்லை. டார்வின் 1859இல் சொன்னதை மாணிக்கவாசகர் எப்போதோ பாடிவிட்டார். “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகி...” இதைவிட வேறென்ன வேண்டும்? மச்சம், கூர்மம், வராகம், நரசிங்கம் என்று வைணவரும் வரிசை வைத்திருக்கிறார்கள். மேற்கத்தியர் பிந்தி வந்தவர்கள்.

நெல்லிக்காய்:

சிவசிவ ஐயா, கோபிக்கக்கூடாது. நானும் சிவபுராணம் பாடி வளர்ந்தவள்தான். இப்போது உயிரியல் படிப்பிக்கிறேன். அந்த வரிசையைக் கடைசிவரை பாருங்கள். பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மனிதர், மனிதருக்குப் பிறகு பேய். இது எந்த உயிரியல் புத்தகத்தின் வரிசை? ஓர் உயிர் பல உடல்களில் புகுந்து புகுந்து களைத்துப்போன கதையை அவர் பாடுகிறார். “எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்” என்று அவரே முடித்தும் வைக்கிறார். கூர்ப்பில் எந்த உயிரும் இன்னோர் உயிராக மாறுவதில்லை. ஒரு கூட்டத்துக்குள் வேறுபாடுகள் இருக்கும். சில கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாகக் குட்டி போடும். தலைமுறைகள் போகப் போகக் கூட்டமே வேறு மாதிரி ஆகிவிடும். மணிவாசகரை டார்வினுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பாட்டும் கெடும், பாடமும் கெடும்.

வெள்ளவத்தை அப்பா, “குரங்கிலிருந்து” என்ற சொல்லை முதலில் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் ஒன்றுவிட்ட தம்பி உங்களைப் பெற்றவரா? இருவருக்கும் ஒரே அப்பப்பா, அவ்வளவுதானே. நமக்கும் சிம்பன்சிக்கும் உறவு அந்த வகை. என்ன, அந்த அப்பப்பா ஆறேழு மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தியவர்.

இன்னொன்று: இந்தியப் புத்தகங்களில் இதற்குப் ‘பரிணாமம்’ என்று பெயர். தத்துவ நூல்களில் பால் தயிராவதுதான் பரிணாமத்துக்கு உதாரணம். ஒரு சட்டிப் பால் முழுதாகத் தயிராகிவிடும். அந்தப் படம் மனதில் இருந்தால் “குரங்கு மனிதனாகிவிட்டால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது” என்ற கேள்வி வராமல் எப்படி இருக்கும்? நம் ஊர்ச் சொல் கூர்ப்பு, ஆனால் அதிலும் ஏதோ கூராக்குவது, மேலே ஏறுவது என்ற தொனி இருக்கிறது. எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை.

சிவசிவ:

கல் பாம்புக்குப் பிறகு வருவதை ஐம்பது வருடமாகப் பாடியும் நான் கவனிக்கவில்லை. சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூர்ப்பு என்ற சொல்லைக் குறை சொல்லாதீர்கள் பிள்ளை. தொல்காப்பியம் உரியியலில் “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்று இருக்கிறது. புதிதாக ஒன்று வருவதில்லை. ஏற்கெனவே உள்ளது மிகுகிறது. நீங்கள் மேலே சொன்னதும் அதுதானே?

நெல்லிக்காய்:

ஐயா! இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன், இந்தச் சூத்திரத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புது வேறுபாடு விகாரத்தால், அதாவது பரம்பரையலகில் (gene) நேரும் மாற்றத்தால் வரும். அது வேறு கதை. இயற்கைத் தேர்வு என்ற பகுதிக்கு மட்டும் “உள்ளது சிறத்தல்” அப்படியே பொருந்துகிறது. நாளை வகுப்பில் சொல்லப்போகிறேன்.

உப்பும் ஒளியும்:

நான் பொறியியலாளர், விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. ஆனால் நேர்மையாகக் கேட்கிறேன். நாய்க்குள் பல நாய் வரும், கோழிக்குள் பல கோழி வரும். நாய் கோழியானதை யார் பார்த்தது? பில்ட்டவுன் மனிதன் என்று ஒரு மண்டையோட்டை 1912இல் கொண்டுவந்தார்கள். 1953 வரை அது உண்மை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் மனித மண்டையோட்டுக்கு உராங்குட்டான் தாடையைப் பொருத்திய பொய். உயிரற்றதிலிருந்து உயிர் வந்தது என்கிறீர்கள். இதுவரை ஒரு ஆய்வுகூடத்திலாவது ஓர் உயிர்க்கலத்தை அப்படி உண்டாக்கினார்களா? ஆதியாகமத்தை நான் நம்புகிறேன். நீங்கள் டார்வினை நம்புகிறீர்கள். இரண்டும் நம்பிக்கைதான். அந்த டியூஷன் ஆசிரியர் பிள்ளைகளுக்கு அநியாயம் எதுவும் செய்யவில்லை.

கொட்டாஞ்சேனை மணி:

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன் எழுதுகிறேன். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950இலேயே, மனித உடல் முன்பிருந்த உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவை மட்டும் இறைவன் நேரே படைக்கிறார் என்று எழுதிவிட்டார். 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் ஒரு படி மேலே போய், இது வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்த லெமேத்ர் ஒரு குருவானவர். ஆகவே, உப்பும் ஒளியும் அண்ணை, “கிறிஸ்தவம் எதிர் கூர்ப்பு” என்று எங்களையும் சேர்த்து வழக்குப் போடாதீர்கள். பூமிக்கு ஆறாயிரம் வயது என்று சிலர் சொல்லும் கணக்கு வேதாகமத்தில் எந்த வசனத்திலும் இல்லை. வம்ச அட்டவணைகளைக் கூட்டிக் கழித்து, படைப்பு கி.மு. 4004 என்று போட்டது அயர்லாந்துப் பேராயர் அஷர், 1650இல்.

கடைசி வாங்கு:

100ஆம் இலக்கத்தில் ஏறினால் பாணந்துறை வரை போய் இறங்குங்கள். 1873இல் பௌத்த பிக்கு மீகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவப் போதகர்களும் அங்கேதான் கூட்டம் கூட்டி இரண்டு நாள் வாதாடினார்கள். யார் வென்றது என்று இன்றைக்கும் ஊரில் கேட்டுப் பார்க்கலாம். என் அலுவலகச் சிங்கள நண்பனிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். “படைத்தவர் யார் என்ற கேள்வியே எங்களுக்கு இல்லையே மச்சான், உங்களுக்கு ஏன் இந்தத் தலையிடி?” என்றான்.

நெல்லிக்காய்:

உப்பும் ஒளியும், கேள்விக்கு நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன், வகுப்பில் பிள்ளைகள் இப்படிக் கேட்பதில்லை.

முதல் உயிர் எப்படி வந்தது என்பது தீர்ந்த கேள்வி இல்லை. ஆனால் அது கூர்ப்புப் பாடம் இல்லை, அதற்கு முந்திய பாடம். ரயில் எங்கே செய்யப்பட்டது என்று தெரியாவிட்டாலும் கோட்டையிலிருந்து மருதானைக்குப் போனது என்று சொல்லலாம். பில்ட்டவுனைப் பிடித்தது யார்? எலும்பிலிருந்த புளோரினை அளந்து பார்த்த விஞ்ஞானிகள்தான். மற்ற உயிர்ச்சுவடுகளோடு அது ஒத்துவராமல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் தோண்டிப் பார்த்தார்கள்.

நாய் கோழியானதை யாரும் பார்க்கவில்லை. அப்படி நடந்தால் கூர்ப்பே பிழை என்றாகிவிடும்! நான் வேறொன்று காட்டுகிறேன். உங்கள் வீட்டு நாய் தேசிக்காய் தின்பதில்லை, நெல்லிக்காய் தின்பதில்லை, ஆனாலும் அதற்கு விற்றமின் சி குறைபாடு வருவதில்லை. அதன் ஈரல் அதைச் செய்துகொள்ளும். ஆட்டுக்கும் அப்படித்தான். நமக்கு முடியாது. அதைச் செய்யும் பரம்பரையலகு நம்மிடம் இல்லாமலும் இல்லை. உடைந்த நிலையில் நிறமூர்த்தத்தில் (chromosome) கிடக்கிறது, தோட்டத்து மூலையில் கிடக்கும் பழைய அம்மிபோல. குரங்குகளிலும் அது உடைந்துதான் கிடக்கிறது. ஆனால் நம் ஊர்த் தேவாங்குக்கு அது இன்னும் வேலை செய்கிறது. தேவாங்கின் கிளை பிரிந்துபோன பிறகு, குரங்கும் நாமும் ஒரே கிளையில் இருந்த காலத்தில் அது உடைந்திருந்தால் இந்தப் படம் சரியாக வரும்.

உப்பும் ஒளியும்:

ஒரே கட்டடக் கலைஞர் பத்து வீடு கட்டினால் ஒரே மாதிரி யன்னல் வைப்பார். ஒற்றுமை ஒரே படைப்பாளியைக் காட்டுகிறது என்று ஏன் சொல்லக்கூடாது? அதோடு கினிப் பன்றிக்கும் விற்றமின் சி செய்ய முடியாது. அது நமக்கு என்ன முறை, மைத்துனரா?

நெல்லிக்காய்:

கினிப் பன்றி நல்ல அடி. சில வௌவால்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கினிப் பன்றியில் அது உடைந்த விதம் வேறு. குரங்குகளிலும் நம்மிலும் உடைவுகள் பொருந்துகின்றன. நீங்கள் சொல்லும் யன்னல் நல்ல யன்னலாக இருந்தால் உங்கள் வாதத்தை விளங்கிக்கொள்வேன். இது திறக்காத யன்னல். பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் சரியான விடையை ஒரே மாதிரி எழுதினால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரே பிழையை ஒரே இடத்தில் எழுதினால்தான் மேற்பார்வையாளர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

மருதானை நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், ஆனால் சண்டை வேறு இடத்தில். மற்ற உயிர்கள் மாறி மாறி வந்தன என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அல்லாஹ் எப்படி நாடினானோ அப்படி. ஆதம் நபியை அல்லாஹ் நேரே படைத்தான் என்பதில் மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. அதை மறைக்கவும் மாட்டேன். இது என் ஈமான். ஆய்வுகூடத்தில் நிரூபிக்கிறேன் என்று சொல்லவில்லை.

நாங்கள் பாவா ஆதம் மலை என்று சொல்வதைத்தான் நீங்கள் சிவனொளிபாதமலை என்கிறீர்கள். சிங்களவருக்கு அது ஸ்ரீபாத. சில கிறிஸ்தவர்களுக்குத் தோமையாரின் பாதம். மேலே போனால் எல்லோரும் ஒரே கடையில்தான் தேத்தண்ணி குடிக்கிறோம். ஆனால் மகன் ஒரு கேள்வி கேட்டான், இன்னும் பதில் இல்லை. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்து, எலும்பில் அம்புமுனை செய்து, குரங்கும் அணிலும் வேட்டையாடியிருக்கிறார்கள் என்று 2020இல் ஆய்வு வந்தது. “வாப்பா, ஆதம் நபி இதற்கு முன்னா பின்னா?”

கடைசி வாங்கு:

குரங்கையா? அப்போ ஒன்றுவிட்ட சகோதரனையே கறி வைத்திருக்கிறார்கள். காணி வழக்கு அப்போதே தொடங்கியிருக்கிறது.

பழைய தெளிகருவி:

“யார் பார்த்தது” என்று ஒருவர் கேட்டார். என் அப்பா பார்த்தார். அவர் மலேரியாத் தடுப்பில் மருந்து தெளிக்கும் வேலையில் இருந்தவர், தோளில் தெளிகருவியின் வார் அழுத்திய தழும்பு கடைசிவரை இருந்தது. 1934, 35இல் இந்த நாட்டில் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. 1946இலிருந்து வீடு வீடாக டி.டி.ரி. பூச்சிமருந்து அடித்தார்கள். 1963இல் முழு நாட்டிலும் 17 நோயாளிகள். பதினேழே பேர்! நோய் முடிந்தது என்று தெளிப்பதைக் குறைத்தார்கள். 1968, 69இல் அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடியும் டி.டி.ரி. அடித்தால் நுளம்பு முன்போலச் சாகவில்லை. சுவரில் இருந்துவிட்டுச் சுகமாகப் பறந்து போகும் என்பார் அப்பா. 1970களில் மலத்தியோன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது.

ஒரு நுளம்பும் டி.டி.ரி.யைத் தாங்கப் பயிற்சி எடுக்கவில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே தாங்கக்கூடிய சில இருந்தன. மற்றவை செத்தன, இவை பெருகின. சிவசிவ ஐயாவின் சூத்திரத்தைப் படித்ததும் எனக்கு அப்பாவின் தோள்தான் ஞாபகம் வந்தது.

உப்பும் ஒளியும்:

உங்கள் அப்பாவுக்கு என் மரியாதை. ஆனால் நுளம்பு கடைசியிலும் நுளம்புதானே? இதை நான் மறுக்கவே இல்லை. தவிர, மலேரியா திரும்பி வந்ததற்கு முதற்காரணம் தெளிப்பதை நிறுத்தியது. எதிர்ப்புச் சக்தி பிறகுதான் வந்து சேர்ந்தது.

பழைய தெளிகருவி:

இரண்டாவது சரி, நான் எழுதியதும் அந்த வரிசையில்தான். முதலாவதற்கு நெல்லிக்காய் மிஸ்தான் பதில் சொல்லவேண்டும். எனக்கு நுளம்பு வரைக்கும்தான் தெரியும்.

நெறியாளர்:

மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. ஒருவரின் சமயத்தையோ இன்னொருவரின் மூதாதையரையோ மிருகத்தின் பெயரால் அழைக்கவேண்டாம். இழையின் பொருளை வைத்துப் பார்த்தால் இந்த விதி கொஞ்சம் சிக்கலானதுதான். எப்படியோ, வேண்டாம்.

சிவசிவ:

சைவ சித்தாந்தத்தில் குடத்துக்கு மூன்று காரணம் சொல்வார்கள். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இறைவன் ஒன்றுமில்லாததிலிருந்து உலகை உண்டாக்கினான் என்று நாங்கள் சொல்வதில்லை, மாயை அநாதி. நீங்கள் எல்லோரும் மண்ணையும் சக்கரத்தையும் ஆராய்கிறீர்கள். குயவனைப் பற்றி உங்கள் பாடத்தில் ஒன்றும் இல்லை. அதனால் எனக்குச் சண்டையும் இல்லை.

நெல்லிக்காய்:

ஐயா, அழகான பிரிப்பு. ஆனால் ஒரு உறுத்தல். சக்கரம் தானாகவே சுற்றிக் குடம் வனைகிறது என்று காட்டியபிறகு குயவன் என்ன செய்தான் என்று மகள் கேட்டால்? எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் அவனுக்குப் பாதகமில்லை என்றால், அந்தக் குயவனைச் சோதிக்கவே முடியாது.

சிவசிவ:

சோதிக்கிற பொருள் அல்ல அவன். இந்த இடத்தில் நீங்களும் நானும் பிரிகிறோம். தேவாங்கு பிரிந்த மாதிரி.

கல்லுளி:

பிந்தி வருகிறேன். புவிச்சரிதவியல் என் தொழில். பௌதிகவியலாளர் கெல்வின் பிரபு 1897இல் பூமிக்கு 20 முதல் 40 மில்லியன் ஆண்டு என்று கணக்குப் போட்டிருந்தார்; கூர்ப்புக்கு அது போதாத காலம். அந்த முட்டுக்கட்டையை நீக்கிய கற்களில் ஒன்று நம் ஊர்க் கல். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆய்வாளராகத்தான் பலருக்குத் தெரியும். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர், இலங்கைக் கனிம ஆய்வின் பணிப்பாளர். அவர் பதவியில் இருந்த காலத்தில், 1904இல், தோரியனைட் என்ற புதுக் கனிமம் இங்கே அடையாளம் காணப்பட்டது. யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகும். 1907இல் அமெரிக்காவில் போல்ட்வுட் என்ற இரசாயனவியலாளர் கல்லிலுள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து கற்களுக்கு வயது போட்டபோது, அவருடைய பட்டியலில் மிகப் பழையது இலங்கைத் தோரியனைட்: 2,200 மில்லியன் ஆண்டு. அந்த எண் பிழை. அந்தக் கல்லிலுள்ள தோரியமும் சிதைந்து ஈயமாகத்தான் முடியும் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மில்லியன்களை நூற்றுக்கணக்கில் எண்ணவேண்டும் என்ற வழி திறந்துவிட்டது. இன்று பூமியின் வயது ஏறத்தாழ 4,540 மில்லியன் ஆண்டு.

வெள்ளவத்தை அப்பா:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு வந்து போய்விட்டது. மகளிடம் சொன்னேன்: “நான் ஒரு கணக்கை நம்புவதில்லை, வவுச்சர் பார்ப்பேன். அப்பப்பாவை நம்புகிறேன், அவரிடம் வவுச்சர் கேட்டதில்லை. நீ ஒரே சொல்லால் இரண்டையும் கேட்கிறாய், அதுதான் எனக்குப் பதில் வரவில்லை.” “ஃபோன் வந்த மாதிரி நடிச்சதும் அதனாலயோ?” என்றாள்.

இழையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்தார். கல் பாம்புக்குப் பிறகு வரும் இடத்தில் அடிக்கோடு. குயவனுக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம். விற்றமின் சி பகுதியில் கேள்விக்குறி. ஆனந்த குமாரசுவாமியைப் படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டு, “கல்லுப் படிச்ச தம்பியிட்டக் கேள்: அந்தக் கல் உண்டாகேக்கயே அதுக்குள்ள ஈயம் இருந்திருந்தால்? கணக்கு முழுக்கப் பிழைச்சிடுமே” என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்க்கிறேன்.

கல்லுளி:

ஐயாவுக்கு என் வணக்கம். இந்தத் துறையின் ஆதிக் கேள்வியே அதுதான். அதனால்தான் இப்போது பெரும்பாலும் சிர்க்கோன் என்ற கனிமத்தைத் தேடுகிறார்கள். அது பளிங்காக உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடவே விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் அநேகமாக முழுவதும் பிறகு சிதைந்து வந்தது. யுரேனியத்தில் இரண்டு வகை வெவ்வேறு வேகத்தில் சிதைவதால் ஒரே கல்லில் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒத்துவராவிட்டால் கல்லுக்கு இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். உலக ஆய்வுகூடங்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் மாதிரிக் கற்களில் பல இலங்கைச் சிர்க்கோன்கள், வயது ஏறத்தாழ 560 மில்லியன் ஆண்டு. மாத்தறை வைரம் என்று பழைய ஆட்கள் தோட்டில் பதித்ததும் நிறமில்லாத இதே சிர்க்கோன்தான்.

வெள்ளவத்தை அப்பா:

இதை வாசித்துக் காட்டினேன். “கோடியில சொல்லு” என்றார். ஐம்பத்தாறு கோடி ஆண்டு என்றேன். எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, அம்மாவின் பழைய தோட்டுப் பெட்டியோடு வந்தார். மாத்தறைக் கல், செட்டியார் தெருவில் கல்யாணத்துக்கு வாங்கியது. மகள் லென்ஸ் வைத்துப் பார்க்க, இவர் பக்கத்தில் நின்று முணுமுணுக்கிறார்: “ஐம்பத்தாறு கோடியோ? கடைக்காரன் புதுக்கல்லு எண்டு சொல்லியல்லோ காசு வாங்கினவன்.”